மரியா, தெக்லா, யூக்லியா: ஆதிக் கிறிஸ்தவப் புறநூல்களில் பெண்ணின் தூய்மை

ஜூலை 26 அன்று கத்தோலிக்கத் திருச்சபை மரியாவின் பெற்றோர் சுவக்கீன், அன்னா விழாவைக் கொண்டாடுகிறது. நவம்பர் 21, சிறுமி மரியாவைக் கோயிலில் காணிக்கையாகக் கொடுத்ததை நினைவுகூரும் நாள். இந்த இரண்டுக்கும் விவிலியத்தில் ஒரு வரி கிடையாது. மரியாவின் அப்பா அம்மா பெயரை நான்கு நற்செய்திகளில் எதுவும் சொல்லவில்லை. அவர் கோயிலில் வளர்ந்ததாகவும் சொல்லவில்லை. இரண்டும் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’ என்ற நூலிலிருந்து வந்தவை. அந்த நூல் விவிலியத்தில் சேர்க்கப்படவில்லை.

இப்படி வெளியே நின்றுவிட்ட நூல்களைப் புறநூல்கள் என்கிறோம். இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே ஒரு பட்டியலாக முதலில் தென்படுவது கி.பி. 367இல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய மடலில்தான். அதற்கு முன்னும் பின்னும் இயேசுவையும் மரியாவையும் திருத்தூதர்களையும் பற்றி எத்தனையோ நூல்கள் மக்களிடையே புழங்கின. தோபித்து, யூதித்து போன்றவற்றைச் சில சபையார் ‘தள்ளுபடி ஆகமம்’ என்பார்கள். அவை வேறு, இங்கே நான் பேசப்போவது வேறு.

இந்தப் புறநூல்களை எடுத்துப் படிக்கும் யாருக்கும் ஒரு விஷயம் சீக்கிரமே கண்ணில் படும். பெண்ணின் தூய்மையைப் பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் எல்லா நூலிலும் அதற்கு ஒரே பொருள் இல்லை. ஒரு நூலில் அது பெண்ணைச் சுற்றிப் பிறர் போடும் காவல். இன்னொன்றில் பெண் தானே எடுத்துக்கொள்ளும் உரிமை. வேறொன்றில் ஒரு பெண் தூய்மையாக இருப்பதற்கு இன்னொரு பெண்ணின் உடம்பு விலையாகப் போகிறது. புதிதாக வாசிப்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் என் அக்கறை.

அந்தக் காலத்துப் பெண்ணின் நிலை

யூதச் சட்டத்தில் தீட்டு என்பது பாவத்தோடு சேர்ந்ததல்ல. மாதவிலக்கு வந்தால் ஏழு நாள் தீட்டு. ஆண் குழந்தை பெற்றவள் மொத்தம் 40 நாள், பெண் குழந்தை பெற்றவள் 80 நாள் கோயிலுக்குள் வரக்கூடாது என்கிறது லேவியர் 12ஆம் அதிகாரம். நாள் முடிந்து உரிய சடங்கைச் செய்தால் தீட்டுக் கழிந்துவிடும். ஆண்களுக்கும் சில தீட்டுகள் உண்டு.

உரோமை உலகத்தின் கவலை வேறு மாதிரி. அங்கே பெண் சீக்கிரம் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை பெற வேண்டும். பேரரசர் அகுஸ்துஸ் கி.மு. 18இலும் கி.பி. 9இலும் கொண்டுவந்த சட்டங்கள், 20 முதல் 50 வயது வரையிலான குடியுரிமை பெற்ற பெண்கள் மணவாழ்வில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தன. தவறினால் சொத்து வாரிசுரிமையில் இழப்பு வந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் கட்டிக்கொடுப்பது சாதாரணம். பிரசவத்தில் தாய் இறந்துபோவதும் சாதாரணம்.

இந்தச் சூழ்நிலையில்தான் பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 7ஆம் அதிகாரத்தில், கல்யாணம் செய்வது பாவமில்லை, ஆனால் செய்யாமல் இருப்பது இன்னும் நல்லது என்கிறார். இதை வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்தன. திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் மடல், பெண் கற்பிக்கக்கூடாது, பிள்ளைப்பேற்றின் வழியாக மீட்புப் பெறுவாள் என்று சொல்லி, திருமணத்தைத் தடைசெய்கிறவர்களைக் கண்டிக்கிறது. மறுபக்கம், உடலுறவைத் துறந்தால்தான் முழுமையான கிறிஸ்தவ வாழ்வு என்று நம்பியவர்கள் இருந்தார்கள். புறநூல்களில் பல இந்த இரண்டாவது பக்கத்தின் குரல்கள்.

மரியா: காவலும் சோதனையும்

யாக்கோபின் முதல் நற்செய்தியில் தூய்மை மரியா பிறந்ததுமே தொடங்கிவிடுகிறது. ஆறு மாதத்தில் குழந்தை ஏழு அடி எடுத்துவைக்கிறது. உடனே அன்னா, கோயிலில் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை இவள் காலில் மண் படக்கூடாது என்று சபதம் செய்கிறார். படுக்கையறையையே கோயில்போல மாற்றுகிறார். தீட்டான எதுவும் அந்த அறைக்குள் வருவதில்லை. விளையாட மாசற்ற எபிரேயப் பெண்பிள்ளைகளை மட்டும் அழைத்துவருகிறார்கள்.

மூன்று வயதில் கோயில். வழியில் குழந்தை வீட்டு நினைப்பில் திரும்பிப் பார்த்துவிடக்கூடாது என்று, கையில் விளக்கேந்திய கன்னிப்பெண்கள் கூடவே போகிறார்கள். குரு அவரைப் பலிபீடத்தின் மூன்றாம் படியில் உட்காரவைக்க, குழந்தை அங்கேயே ஆடுகிறது. இந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். நூல் முழுவதும் மரியா தன் உடம்பால் மகிழ்ந்து ஒன்றைச் செய்வது இந்த ஓர் இடத்தில்தான். அதன்பிறகு அவர் ஒரு புறாவைப் போலக் கோயிலில் வாழ்ந்து, வானதூதர் கையால் உணவு வாங்கிச் சாப்பிடுகிறார். உண்மையான எருசலேம் கோயிலில் பெண்களுக்கென்று தனி முற்றம் இருந்தது. பொதுவாக அதைத் தாண்டி அவர்கள் உள்ளே போவதில்லை. பலிபீடத்தின் படியில் ஒரு சிறுமி ஆடுவதெல்லாம் வரலாறாக நடந்திருக்கக்கூடியதல்ல.

பன்னிரண்டு வயதானதும் குருக்கள் கூடிப் பேசுகிறார்கள். இவள் ஆண்டவரின் திருத்தலத்தைத் தீட்டுப்படுத்திவிடாமல் இருக்க என்ன செய்வது என்பதுதான் பேச்சு. பூப்படையும் வயது வந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லாமல் சொல்கிறது நூல். ஒன்பது வருடம் அவ்வளவு பரிசுத்தமாக வளர்த்த சிறுமியை, அவர் எந்தத் தவறும் செய்யாமலேயே, உடம்பின் இயல்பு ஒன்றுக்காக வெளியே அனுப்ப வேண்டியதாகிறது. மனைவியை இழந்தவர்கள் கோல்களோடு வரவழைக்கப்படுகிறார்கள். யோசேப்பின் கோலிலிருந்து ஒரு புறா வெளியே வருகிறது. வயதானவர், ஏற்கெனவே பிள்ளைகள் உள்ளவர். அவர் பொறுப்பில் மரியாவை ஒப்படைக்கிறார்கள்.

அப்புறம் மரியா கருவுற்றது தெரியவருகிறது. எண்ணிக்கை நூலின் 5ஆம் அதிகாரத்தில், மனைவியைச் சந்தேகப்படும் கணவன் அவளைக் குருவிடம் அழைத்துவந்து சாப நீரைக் குடிக்கவைக்கும் சட்டம் இருக்கிறது. அதில் குடிப்பது பெண் மட்டும். இந்த நூலில் முதலில் யோசேப்புக்கும் பிறகு மரியாவுக்கும் அந்தத் தண்ணீரைக் கொடுக்கிறார்கள். இருவரும் நலமாகத் திரும்பி வருகிறார்கள். சட்டத்தில் இல்லாத ஒன்றை ஆசிரியர் இங்கே செய்கிறார்: ஆணின் தூய்மையையும் சோதனைக்குக் கொண்டுவருகிறார். பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் இது.

குகையில் குழந்தை பிறந்தபிறகு சலோமி என்ற பெண் வருகிறார். கன்னி பெற்றாள் என்பதை என் விரலால் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்கிறார். மருத்துவச்சி உள்ளே போய் மரியாவிடம், உன்னைப் பற்றிப் பெரிய வழக்கு எழுந்திருக்கிறது, தயாராக இரு என்கிறார். மரியா ஒரு வார்த்தை பேசுவதில்லை. சலோமி சோதிக்கிறார், அவருடைய கை நெருப்பில் பட்டதுபோல் எரிந்து விழப்பார்க்கிறது. குழந்தையைத் தூக்கியதும் குணமாகிறது. யோவான் நற்செய்தியில் உயிர்த்த இயேசுவின் காயத்தில் விரலை இட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று தோமா சொல்வாரே, அதே அமைப்பு. அங்கே சோதனைக்கு இயேசு தன் கையை நீட்டுகிறார். இங்கே இப்போதுதான் பிள்ளை பெற்ற ஓர் இளம்பெண்ணின் உடம்பு சோதிக்கப்படுகிறது. வாசிக்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

ஆசிரியருக்கு ஏன் இவ்வளவு அழுத்தமான சான்று வேண்டியிருந்தது? அந்தக் காலத்தில் மரியாவைப் பற்றிக் கேவலமான கதைகள் உலவின. கி.பி. 178 வாக்கில் செல்சுஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் அதைப் பதிவுசெய்கிறார்: மரியா நூல் நூற்றுப் பிழைத்த ஏழை, பந்தேரா என்ற படைவீரனால் கருவுற்றவள், தச்சரான கணவர் அவளைத் துரத்திவிட்டார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நூலைத் திரும்பப் படித்தால் ஒவ்வொன்றும் பதிலாகத் தெரிகிறது. அப்பா சுவக்கீன் பெரிய செல்வந்தர். மரியா நூற்றது பிழைப்புக்கு இல்லை, கோயில் திரைச்சீலைக்கான ஊதாவும் கருஞ்சிவப்பும் நூல். கணவர் துரத்தவில்லை, கூடவே சோதனைத் தண்ணீர் குடித்தார். ஆக, இவ்வளவு காவலும் சோதனையும் ஒரு பெண்ணின் மேல் வீசப்பட்ட அவதூறுக்கு எதிராக எழுந்தவை. ஆனால் அவதூறு பேசியவர்கள் பெண்ணை எதை வைத்து எடைபோட்டார்களோ, அதையே வைத்துத்தான் ஆசிரியரும் எடைபோடுகிறார்.

உடல் அடையாளத்தைச் சோதித்துக் கன்னிமையைக் கண்டுபிடிக்கலாம் என்பது அன்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றும் இல்லை. அதே 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமையில் மருத்துவம் செய்த எபேசுகாரர் சொரானுஸ், அப்படிக் குறுக்கே ஒரு சவ்வு இருப்பதாகச் சொல்வது தவறு என்று எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்களுக்குள்ளும் ஒருமித்த கருத்து இல்லை. வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், மரியா கன்னியாகக் கருவுற்றார் என்பதை ஏற்றார், ஆனால் பிரசவம் மற்றப் பிரசவங்களைப் போலவே நடந்தது என்றார். லூக்கா நற்செய்தியில் மரியா குடும்பத்தார் சட்டப்படி தூய்மைச் சடங்குக்குக் கோயிலுக்குப் போகிறார்கள். இந்தப் புறநூலில் அன்னா தன் பிரசவத்துக்குப் பிறகு அந்தச் சடங்கைச் செய்கிறார். மரியாவுக்கு அப்படி ஒரு சடங்கைப் பற்றிய பேச்சே இல்லை.

தெக்லா: தன் உடம்பு, தன் முடிவு

இங்கிருந்து ‘பவுல் தெக்லா பணிகள்’ நூலுக்குப் போனால் காற்று மாறிவிட்டதுபோல் இருக்கும். அதுவும் 2ஆம் நூற்றாண்டு நூல்தான். இடம் இக்கோனியம், இன்றைய துருக்கியின் கொன்யா நகரம். பக்கத்து வீட்டில் பவுல் பேசுகிறார்: உடலைத் தூய்மையாகக் காத்தவர்கள் பேறுபெற்றவர்கள், அவர்கள் கடவுளின் கோயிலாவார்கள். தாமிரிஸ் என்பவருக்கு நிச்சயமாகியிருக்கும் தெக்லா மூன்று நாள் இரவும் பகலும் ஜன்னலைவிட்டு நகராமல் கேட்கிறார்.

கோயில் என்ற சொல் இங்கே என்ன வேலை செய்கிறது பாருங்கள். மரியா கோயிலுக்குள் வைத்துக் காக்கப்பட்டவர். பூப்படையும் வயது வந்ததும் வெளியேற்றப்பட்டவர். தெக்லாவுக்கோ அவர் உடம்பே கோயில். அதிலிருந்து அவரை வெளியேற்ற யாராலும் முடியாது.

அவர் திருமணத்தை மறுக்கிறார். பவுலைச் சிறையில் அடைக்கிறார்கள். தெக்லா இரவில் கைவளையலைக் கழற்றி வாயிற்காவலனுக்கும், வெள்ளிக் கண்ணாடியைச் சிறைக்காவலனுக்கும் கொடுத்து உள்ளே போகிறார். கல்யாணப் பெண்ணின் அலங்காரப் பொருள்களே சிறைக் கதவைத் திறக்கின்றன. விசாரணையில் அவர் வாய் திறக்காமல் நிற்க, பெற்ற தாய் தெயோக்லியாவே, இவளை எல்லாப் பெண்களும் பார்த்துப் பயப்படும்படி எரியுங்கள் என்று கத்துகிறார். மழை வந்து தீயை அணைக்கிறது.

அந்தியோக்கியாவில் அலெக்சாந்தர் என்ற பெரிய மனிதர், பவுலோடு வந்த தெக்லாவை நடுத்தெருவில் கட்டிப்பிடிக்கிறார். பவுலோ, இவளை எனக்குத் தெரியாது என்று விலகிவிடுகிறார். தெக்லா அலெக்சாந்தரின் மேலங்கியைக் கிழித்து, தலையிலிருந்த மகுடத்தைத் தட்டிவிட்டு, ஊரார் முன் அவமானப்படுத்துகிறார். அதற்குத் தண்டனை, விலங்குகளுக்கு இரையாதல். அவர் ஆளுநரிடம் கேட்பது ஒன்றே: களத்தில் இறங்கும்வரை என் தூய்மைக்குப் பாதுகாப்பு வேண்டும். மகளை இழந்த அரசி திரிபேனா அவரைத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறார். களத்தில் ஒரு பெண் சிங்கம் அவர் காலடியில் படுத்து, அவருக்காகச் சண்டையிட்டுச் சாகிறது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் தீர்ப்பை எதிர்த்துக் குரல் கொடுக்கிறார்கள். யாரும் ஞானஸ்நானம் கொடுக்காத நிலையில், தெக்லா கடல்நாய்கள் இருந்த தண்ணீர்க் குழிக்குள் குதித்துத் தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்கிறார். ஒரு நெருப்பு மேகம் அவரைச் சூழ்ந்து, ஆடையற்ற உடம்பு யார் கண்ணிலும் படாமல் மறைக்கிறது. கடைசியில் ஆண் உடை உடுத்திக்கொண்டு பவுலைத் தேடிப்போக, நீ போய்க் கடவுளின் வார்த்தையைக் கற்பி என்கிறார் அவர்.

இந்தக் கதையில் தூய்மை என்பது தாய், மணமகன், நகரம் ஆகிய மூன்றிடமிருந்தும் ஒரு பெண் விடுபடும் வழி. 200ஆம் ஆண்டு வாக்கில் தெர்த்துல்லியன் இதைக் கண்டு எரிச்சல்படுகிறார். பெண்கள் தெக்லாவைக் காட்டி, கற்பிக்கவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் உரிமை கேட்கிறார்களாம். இதை எழுதியவர் ஆசியா மாநிலத்து மூப்பர் ஒருவர், பவுல்மேல் இருந்த அன்பால் எழுதியதாக ஒப்புக்கொண்டு பதவியை இழந்தார் என்கிறார். எனக்கு அவருடைய கோபத்தைவிட அந்தத் தகவல்தான் முக்கியம். 2ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெண்கள் இந்த நூலை வைத்து வாதாடியிருக்கிறார்கள்!

விலை கொடுத்தவர்கள்

1980களில் ஆய்வாளர்கள் சிலர், இந்தக் கதைகள் கணவனையும் வீட்டையும் விட்டு வாழ்ந்த கிறிஸ்தவப் பெண்களிடையே வாய்மொழியாக உருவானவை என்று வாதிட்டார்கள். 1990களில் மறுப்பு வந்தது: கதையில் பெண் நின்றாலும், உண்மையில் நடப்பது திருத்தூதருக்கும் கணவனுக்கும், அதாவது இரண்டு ஆண்களுக்கு இடையே யார் பெரியவர் என்ற போட்டி என்றார்கள். தெக்லாவைப் பொறுத்தவரை என் மனம் முதல் கட்சியோடுதான். ஆனால் மற்ற நூல்களைப் படிக்கப் படிக்க, விடுதலை என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் விளக்க முடியாது என்று தோன்றுகிறது.

‘பேதுரு பணிகள்’ நூலைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு கதை, 1896இல் கெய்ரோவில் வாங்கப்பட்டு பெர்லினுக்குப் போன கொப்திய மொழிச் சுவடியில் இருக்கிறது. மக்களை எல்லாம் குணமாக்கும் பேதுருவிடம், உங்கள் மகள் மட்டும் ஏன் பக்கவாதத்தில் கிடக்கிறாள் என்று கேட்கிறார்கள். அவர் மகளை எழுப்பி நடக்கவைக்கிறார். கூட்டம் ஆரவாரம் செய்கிறது. உடனே, உன் இடத்துக்கே திரும்பிப் போ என்று மறுபடி முடக்கிப் படுக்கவைக்கிறார். காரணம்: அவளுக்குப் பத்து வயதிலேயே அழகில் பலர் மயங்கினார்களாம். தொலெமேயு என்ற செல்வந்தர் அவள் குளிப்பதைப் பார்த்துவிட்டு, மனைவியாக்கிக்கொள்ள எடுத்துச் சென்றார். பக்கவாதம் வந்ததால் அவள் தூய்மை காப்பாற்றப்பட்டது. ஆசை ஆணுடையது, முடங்கியது சிறுமியின் உடம்பு. கதை இதைக் கடவுளின் அருளாகச் சொல்கிறது. என்னால் அப்படி வாசிக்க முடியவில்லை.

‘அந்திரேயா பணிகள்’ இதைவிடக் கொடுமை. கிரேக்கத்தின் பத்ராஸ் நகர ஆளுநர் ஏகேயாத்தஸ். அவர் மனைவி மக்சிமில்லா, அந்திரேயாவின் போதனையைக் கேட்டுக் கணவனோடு படுக்கையைப் பகிர மறுக்கிறார். கணவனுக்குத் தெரியாமல் இருக்க, யூக்லியா என்ற அழகான அடிமைப் பெண்ணைத் தன்னைப்போல் அலங்கரித்து இரவில் அனுப்புகிறார். எட்டு மாதம் இது நடக்கிறது. யூக்லியா அதற்குப் பதிலாக விடுதலை கேட்கிறார், நகை கேட்கிறார், மற்ற அடிமைகளிடம் பெருமை பேசுகிறார். விஷயம் ஆளுநரின் காதுக்குப் போகிறது. அவர் யூக்லியாவின் நாக்கை வெட்டி, உடம்பைச் சிதைத்து வெளியே எறிகிறார். உணவின்றிக் கிடந்து இறந்த யூக்லியாவை நாய்கள் தின்கின்றன. காட்டிக்கொடுத்த அடிமைகள் மூன்று பேரைச் சிலுவையில் அறைகிறார்.

யூக்லியாவுக்காக அந்த நூலில் யாரும் அழுவதில்லை. மக்சிமில்லாவை மனந்திரும்பிய ஏவாள் என்று அந்திரேயா புகழ்கிறார். எசமானியின் உடம்புக்குத் தூய்மை உண்டு, அடிமையின் உடம்புக்கு அது கிடையாது என்பது ஆசிரியருக்கு இயல்பான ஒன்றாக இருந்திருக்கிறது. உரோமைச் சமூகத்தில் அடிமைப் பெண்ணின் உடல் எசமானரின் சொத்து. தூய்மை காக்கும் வாய்ப்பே யாருக்கு இருந்தது என்ற கேள்வியை இந்த ஒரு கதை எழுப்பிவிடுகிறது. அதைக் கேட்டுவிட்டுத் தெக்லாவிடம் திரும்பினால், அவர் கையில் கொடுக்க வளையலும் வெள்ளிக் கண்ணாடியும் இருந்தன என்பதும் உறைக்கிறது.

தோமாவின் கதையில்

நம் பக்கத்து வாசகர்களுக்கு நெருக்கமானது ‘தோமா பணிகள்’. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிரிய மொழியில், அநேகமாக எதேசாவில் (இன்றைய துருக்கியின் உர்ஃபா) எழுதப்பட்டது. தோமா இந்தியாவுக்கு வந்து, நான்கு படைவீரர்களின் ஈட்டியால் மலையில் இறந்தார் என்பது இதில் வருகிறது. பிற்கால மரபு அந்த மலையைச் சென்னையின் பரங்கிமலையாகக் கொண்டது. ஈட்டிக் கதை நம்மில் பலருக்குத் தெரியும். ஏன் கொன்றார்கள் என்று அந்த நூல் சொல்வது அவ்வளவாகத் தெரியாது. மன்னன் மஸ்தாயின் உறவினர் கரீஷின் மனைவி மிக்தோனியாவும், பிறகு மன்னனின் மனைவி தெர்த்தியாவும், தோமாவின் பேச்சைக் கேட்டுத் தங்கள் கணவர்களோடு சேர மறுத்துவிடுகிறார்கள். மன்னனின் கோபத்துக்கு இதுதான் காரணம்.

இதே நூலின் தொடக்கத்தில் ஓர் அரச கல்யாணம். முதலிரவு அறையில் தோமாவின் உருவில் இயேசு தோன்றிப் பேச, மணமக்கள் உடலுறவைத் துறக்கிறார்கள். காலையில் வந்து பார்த்தால் மணப்பெண் முக்காடு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், வெட்கத்தின் திரை என்னைவிட்டு நீங்கிவிட்டது என்கிறார். முகத்தை மூடுவதுதான் பெண்ணின் தூய்மைக்கு அடையாளம் என்று இருந்த காலத்தில், தூய்மையையே காரணமாகச் சொல்லி முகத்தைத் திறக்கிறார் இந்தப் பெண். இங்கே மணமகனும் சேர்ந்தே துறப்பதால், தூய்மை பெண் மட்டும் சுமக்கும் பாரமாகவும் இல்லை.

பிற்காலத் திருச்சபை இந்த நூல்களில் எதை எடுத்துக்கொண்டது என்பதும் கவனிக்கத்தக்கது. 6ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை கெலாசியுஸின் பெயரால் வந்த பட்டியல், யாக்கோபு நற்செய்தியோடு தெக்லா, பேதுரு, அந்திரேயா, தோமா பணிகளையும் விலக்கியது. இருந்தும் மரியாவின் கதை விழாக்களிலும் ஓவியங்களிலும் தங்கிவிட்டது. மிலான் ஆயர் அம்புரோஸ் கி.பி. 377இல் கன்னியரைப் பற்றி எழுதியபோது மரியாவோடு தெக்லாவையும் முன்மாதிரியாக நிறுத்தினார். அவர் விரித்துச் சொன்னது, சிங்கம் கன்னிமைக்கு மரியாதை செய்த காட்சியை. மக்கள் நினைவு வேறு வழியில் போனது. 384இல் எகேரியா என்ற பெண் பயணி செலூக்கியாவில் (இன்றைய துருக்கியின் சிலிஃப்கே) தெக்லாவின் திருத்தலத்துக்குப் போய், அங்கேயே தெக்லாவின் பணிகளை வாசித்ததாகத் தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். அங்கே பெண் துறவிகளுக்கு மார்த்தானா என்ற திருத்தொண்டர் தலைமை வகித்தார்.

வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை: முதலில் தெக்லாவை எடுங்கள். சின்ன நூல், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அப்புறம் யாக்கோபின் முதல் நற்செய்தி. அதை எண்ணிக்கை 5, லேவியர் 12 இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் ஆசிரியர் எங்கே சட்டத்தைவிட்டு விலகுகிறார் என்பது தெரியும். அந்திரேயா பணிகள் முழுமையாகக் கிடைக்கவில்லை, துண்டுதுண்டாகத்தான் இருக்கிறது. அதனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் யூக்லியா வரும் பகுதியை மட்டும் விட்டுவிட வேண்டாம்.